பெண்கள் பெட்டியில் ஒரு சுறா ஈரல்

எண்ணூரில் ரயில் ஏறியபோது பெண்கள் பெட்டியில் எங்களோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்தோம். திருவொற்றியூர் வருவதற்குள் மற்ற ஏழு பேரும் பெட்டியின் மறுகோடிக்குப் போய் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். இந்தக் கோடியில் நான், கன்னியம்மா அக்கா, எங்கள் நடுவே ஒரு மண்ணெண்ணெய் டின். டின்னுக்கு மேலே அம்மாவின் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருந்தேன்.

வெளியே மழை இல்லை. பல நாள் மூடாக்குக்குப் பிறகு அன்றைக்குத்தான் பளிச்சென்று வெயில் அடித்தது. ரயிலுக்குள் குடை பிடித்துக்கொண்டு ஒரு காலேஜ் பெண். எதிரே டின்னை முழங்கால்களால் அணைத்தபடி மீன் விற்கும் பெண்மணி ஒருவர். பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. என்னுடைய ஐந்து மாத வேலை முழுக்க அந்த டின்னை நம்பித்தான் இருந்தது.

திருவொற்றியூரில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். குடையைப் பார்த்ததும் நான்கடி தள்ளியே நின்றுவிட்டார். அம்மை கண்ட குழந்தையை ஒளித்துக் கொண்டுபோகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

“உள்ளே யாரு? கொழந்தையா?” என்றார்.

“கொழந்தை இல்ல சார். ஈரலு,” என்றார் கன்னியம்மா.

“யாரோட ஈரல்?”

“சொறாவோடது. இந்தம்மா ஆராய்ச்சி பண்ணுது. வெய்யில் பட்டா கெட்டுப்பூடும். அதான் கொடை.”

பரிசோதகர் என் டிக்கெட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஈரலுக்குத் தனி டிக்கெட் உண்டா என்று யோசித்தாரோ என்னவோ, மறுகோடிக்குப் போய்விட்டார்.

அந்த ஈரலும் குடையும் என் வாழ்க்கையில் எப்படி வந்து சேர்ந்தன என்பதைச் சொல்ல, நான் அந்த வருஷத்து ஜூன் மாதத்துக்குப் போகவேண்டும்.

வீடு பக்கத்தில் இருந்ததால் கிடைத்தது

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். நான் பி.எஸ்ஸி. ரசாயனம், கடைசி வருஷம். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு நாள் தட்டச்சு செய்த தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். ராயபுரத்தில் மீன் எண்ணெயைப் பற்றி ஆராயும் ஒரு சின்னக் கூடத்தில், பட்டப்படிப்பு மாணவர் ஒருவருக்கு ஒரு டெர்ம் முழுக்க ஆராய்ச்சி செய்ய இடம் தருவார்களாம். வாரத்தில் மூன்று அரை நாள். மாதாமாதம் சிறு உதவித்தொகை. முடிவில் கமிட்டியின் முன்னால் அறிக்கை வாசிக்க வேண்டும். தேர்வாகிறவருக்கு ‘மாணவ ஆராய்ச்சியாளர்’ என்று பெயர்.

அந்தப் பெயருக்காகவே விண்ணப்பம் போட்டேன். வேறு காரணம் இருந்ததாக இப்போது சொன்னால் அது கதை.

நேர்காணலுக்கு மூன்று பேர் போனோம். மற்ற இருவரும் என்னைவிட நல்ல மார்க் வாங்கியவர்கள். கூடத்தின் தலைவர் டாக்டர் சிவராமன், ஒல்லியான மனிதர், எங்கள் சான்றிதழ்களை ஒரு தரம் புரட்டிவிட்டு எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். வீடு எங்கே? ஒருவர் மயிலாப்பூர் என்றார். இன்னொருவர் திருவல்லிக்கேணி. நான் தண்டையார்பேட்டை என்றேன். கட்டுமரங்கள் கரை சேரும்போது ஓடிவரக்கூடிய ஆள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. என் அறிவியல் வாழ்க்கையின் முதல் வெற்றி, எங்கள் வீடு இருந்த தெருவுக்குக் கிடைத்த வெற்றி.

என் அப்பாவுக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். தண்டையார்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம். தெற்கிலிருந்து ஓலைப்பெட்டிகளில் வரும் கருப்பட்டி எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்க அடுக்கியிருக்கும். எங்கள் சட்டை, புத்தகம், பைபிள் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். உயரமான மனிதர், குறைவாகப் பேசுவார். ஆராய்ச்சி விஷயத்தைச் சொன்னபோது, எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். கிறிஸ்மஸுக்கு முன்னால் முடிந்துவிடும் என்றேன். அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த ‘சரி’க்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது எனக்குத் தெரியும். நாசரேத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடும்பம். கிறிஸ்மஸ் கழித்துப் பெண் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் பெண் எங்கேயாவது போய் எதையாவது ஆராயட்டும் என்பது வீட்டின் தீர்மானம். எனக்கும் அதில் பெரிய ஆட்சேபம் இருக்கவில்லை.

ஜப்பான்காரனுக்கு ஒரு நன்றி

மீன் எண்ணெய்க்கும் எனக்கும் பழைய பகை ஒன்று உண்டு.

சிறுவயதில் நான் சோனி. டாக்டர் சொன்னபடி, சீமையிலிருந்து வரும் மீன் எண்ணெயை அம்மா தினமும் காலையில் ஒரு கரண்டி கொடுப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையில் ஊற்றிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் ஒரு கருப்பட்டித் துண்டை வாயில் திணிப்பார். அந்த வயதில் நான் அறிந்த நரகம் அதுதான்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. எங்களையும் அப்பா ஊருக்கு அனுப்பிவைத்தார். சீமைக் கப்பல் வருவது நின்றது. மீன் எண்ணெய்ப் புட்டியும் நின்றது. காரணம் ஜப்பான்காரன்தான் என்று நானே முடிவுகட்டி, இரவு ஜெபத்தில் யாருக்கும் கேட்காமல் அவனுக்கு நன்றி சொல்லிவந்தேன். எத்தனை மாதம் சொன்னேன் என்பது நினைவில்லை.

என் ஜெபம் எனக்கே திரும்பி வந்தது. சீமை எண்ணெய் நின்றதும், நம் கடலில் திரியும் சுறாவின் ஈரலில் அதே சத்து இருக்கிறதா என்று இங்கே தேட ஆரம்பித்தார்கள். இருந்தது, சிலவற்றில் சீமை மீனைவிட அதிகமாகவே இருந்தது. ராயபுரத்துக் கூடம் பிறந்தது அப்படித்தான். ஏ வைட்டமின் எந்தக் கரைச் சுறாவில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் எனக்குக் கொடுத்த ஆராய்ச்சி.

நீலத்துக்கு ஆயுள் பத்து எண்ணும் வரை

கூடம் முன்பு உப்புக் கிடங்காக இருந்த கட்டடம். சுவர்களில் மழைக்காலம் தோறும் உப்பு பூக்கும். அங்கே டாக்டர் சிவராமனைத் தவிர நிரந்தரமாக இருந்தவர் கோதண்டம் ஒருவர்தான். பெயருக்கு அட்டெண்டர். துடைப்பது, கழுவுவது, அடுப்பு மூட்டுவது, உடைந்ததை ஒட்டுவது, எங்களைத் திட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

காசிமேட்டுக் கரையில் சுறா ஏலம் எடுத்து அறுப்பவர்களில் ஒருவர் கன்னியம்மா. முப்பது வயது இருக்கும். இறைச்சியைக் கருவாடு போடுவார், துடுப்பை ஒரு வியாபாரிக்குக் கொடுப்பார். ஈரலை எங்கள் கூடம் வாங்கிக்கொண்டது. முதல் நாள் கரைக்குப் போனபோது, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு முழு ஈரலைத் தூக்கி என் இரண்டு கைகளிலும் வைத்தார். வெதுவெதுப்பாக, வழுவழுவென்று, நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு கனமாக இருந்தது. நான் கீழே போடுகிறேனா என்று பார்த்தார். போடவில்லை. பெயரைக் கேட்டார். எஸ்தர் என்றேன். அன்றிலிருந்து நான் இஸ்தரு.

ஈரலை நறுக்கி, தண்ணீரில் மெல்லச் சூடாக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை வடித்துப் புட்டியில் அடைத்து, தேதியும் மீனின் நீளமும் எழுதி ஒட்டுவேன். ஆனால் அளக்க முடியவில்லை. அளப்பதற்கான மருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. ஜூலை போய், ஆகஸ்டு போய், செப்டம்பர் பாதியில்தான் வந்தது. அதுவரை சேர்ந்த புட்டிகளைக் கிழக்குப் பார்த்த ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தேன். காலை வெயில் படும்போது ஒவ்வொரு புட்டியும் ஒரு விளக்கு மாதிரி பொன்னாக எரியும். அதைப் பார்ப்பதற்காகவே அரைமணி முன்னதாகப் போவேன்.

மருந்து வந்த பிறகு நடந்தது எனக்கு இன்றும் வியப்பு. எண்ணெயில் ஒரு துளியைக் கரைத்து, அதன்மேல் அந்த மருந்தை விட்டால், குழாய் முழுவதும் சட்டென்று நீலமாகிவிடும். வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலம் இல்லை. மயில் கழுத்து நீலம். பத்து எண்ணுவதற்குள் மங்கத் தொடங்கும். அதற்குள், கண்ணை ஒரு மரப்பெட்டியின் துவாரத்தில் வைத்து, உள்ளே இருக்கும் நீலக் கண்ணாடித் துண்டுகளோடு ஒப்பிட்டுக் குறித்துவிட வேண்டும். நீலம் அடர்த்தியாக இருந்தால் வைட்டமின் அதிகம்.

அந்த மருந்துக்கு ஈரம் ஆகாது. கடற்காற்றில் ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் பால் மாதிரி வெளுத்துப்போகும். கோதண்டம் சோதனைக் குழாய்களைக் கரியடுப்பின் மேல் அடுக்கி இட்லி அவிப்பது போலக் காவல் இருந்து உலர்த்துவார். அந்தக் குழாயில் நான் மூச்சு விட்டால்கூட அவருக்குப் பொறுக்காது.

எங்கள் கரை எண்ணெயில் நீலம் சோகையாக இருந்தது. வேறொரு கரையிலிருந்து தகர டப்பாவில் சீல் வைத்து வந்த எண்ணெய் அடர்நீலம் காட்டியது. எங்களுடையதிலும் ஜூலை எண்ணெய் மிக மோசம். அக்டோபர் எண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை. நான் அதற்கு ஒரு கொள்கையே கண்டுபிடித்தேன். ஆடி மாதத்தில் நம் கடல் சுறாவுக்குத் தீனி குறைவு, ஐப்பசியில் தேறுகிறது என்று நான்கு பக்கம் எழுதினேன். டாக்டர் சிவராமனுக்கும் பிடித்துவிட்டது. அறிக்கையைத் தட்டச்சு செய்து, திங்கட்கிழமை கமிட்டிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அதன்படி அடுத்த வருஷத்திலிருந்து காசிமேட்டில் ஈரல் வாங்கமாட்டார்கள்.

கன்னியம்மா கேட்ட கேள்வி

சனிக்கிழமை காலை கன்னியம்மா கூடத்துக்கு வந்தார். கரையோடு சரி, உள்ளே அதுவரை வந்ததில்லை. கோதண்டம் மூலமாகச் செய்தி போயிருந்தது. வாசலில் கால் கழுவிவிட்டு நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

“எங்க சொறாவுல ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கினியாமே?”

நான் சத்துக் குறைவு என்றுதான் எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

“அதே கடலு. அதே சொறா. அந்தாண்ட புடிச்சா சத்து கீது, இந்தாண்ட புடிச்சா இல்லியா? நீ இன்னாத்தைப் பாத்தே, எனக்குக் காட்டு.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். காசிமேட்டில் ஐந்தாறு பெண்கள் அந்த ஈரலை நம்பி இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு பக்கத்தில் அதை எங்கேயும் எழுதவில்லை.

காட்டுகிறேன் என்றேன். ஜன்னல் திட்டில் ஜூலை முதல் வாரத்துப் புட்டி காலியாகும் நிலையில் இருந்தது. அதே ஈரலில் எடுத்த இரண்டாவது புட்டி எங்கே என்று கோதண்டத்தைக் கேட்டேன். ஒரு ஈரலுக்கு ஒரு புட்டி திட்டில் இருந்தால் போதும் என்று அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றித் தன் சோற்று டப்பா வைக்கும் அலமாரியில் போட்டிருந்தார். நான்கு மாதமாக அங்கேயே கிடந்திருக்கிறது. தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

துளியைக் கரைத்தேன். மருந்தை விட்டேன்.

குழாய் மயில் கழுத்தாகிவிட்டது. அத்தனை நீலத்தை நான் எங்கள் கரை எண்ணெயில் பார்த்ததே இல்லை.

“இதுதானே அந்தச் சத்து?” என்றார் கன்னியம்மா.

ஜன்னல் புட்டியிலிருந்து மிச்சத் துளியை எடுத்து அதே மாதிரி செய்தேன். சோகை நீலம், அதுவும் ஐந்து எண்ணுவதற்குள் போய்விட்டது. ஒரே சுறா, ஒரே நாள், ஒரே சட்டியில் வடித்த எண்ணெய். வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒன்று வெயிலில் இருந்தது, மற்றது இருட்டில் இருந்தது.

ஆடியும் இல்லை, ஐப்பசியும் இல்லை. ஜூலை எண்ணெய் அதிக நாள் வெயில் காய்ந்தது; அக்டோபர் எண்ணெய் குறைந்த நாள் காய்ந்தது. தகர டப்பாவில் வந்த வேறு கரை எண்ணெய் வெயிலையே பார்க்கவில்லை. அழகுக்கு ஆசைப்பட்டு நானே என் கையால் அத்தனை சத்தையும் கொன்றிருந்தேன்.

கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தார். கோபமெல்லாம் போய், “இன்னா ஆச்சு இஸ்தரு?” என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். “சரி, இன்னொரு தபா அந்த ஊதாவைக் காட்டு,” என்றார். காட்டினேன்.

அனுப்பாத அறிக்கை

டாக்டர் சிவராமனின் அறைக்கும் என் மேஜைக்கும் நடுவே இருபது அடி தூரம். அந்த இருபது அடியை நடக்க எனக்குக் கால்மணி நேரம் ஆனது. சொல்லாமலே விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணமும் அந்தக் கால்மணி நேரத்தில் வந்தது. ஒளிப்பானேன். அலமாரியிலிருந்த புட்டி ஒன்றே ஒன்றுதான், கை தவறி விழக்கூடியது. கன்னியம்மா மட்டும் வாசலில் நிற்காமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர் நின்றார். நான் உள்ளே போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த ஜன்னலை தினமும் நானும்தான் பார்த்தேன்,” என்றார். “அழகா இருக்குன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கலை. அதுக்கு எனக்குச் சம்பளம் வேற.”

பிறகு மேஜையிலிருந்த அறிக்கையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். கமிட்டியிடம் மூன்று வாரம் தவணை கேட்பதாகச் சொன்னார். ஒரு புட்டியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது தற்செயலாகவும் இருக்கலாம். புதிதாக ஒரு பெரிய ஈரல் வேண்டும். எண்ணெயை இரண்டு பங்காக்கி, ஒன்றை வெயிலிலும் மற்றதை இருட்டிலும் வைத்துக் காட்ட வேண்டும். அதைச் செய்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஈரலுக்கு எங்கே போவது? அது நவம்பர். வடகிழக்குப் பருவமழை அடித்துக்கொண்டிருந்தது. கடல் சுவர் மாதிரி எழும்பி நின்றது. கட்டுமரங்களெல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாள் கன்னியம்மாவிடமிருந்து ஆள் வந்தது. அவருடைய தங்கையை எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு பெரிய சுறா தூண்டிலில் மாட்டியிருக்கிறதாம்.

ஓடினோம். அங்கே சுறாவை அறுத்தது கன்னியம்மாவேதான். வேறு யாரையும் தொட விடவில்லை. ஈரலை டின்னில் வைத்தபோது சூரியன் வெளியே வந்தது. பத்து நாளாகக் காணாத சூரியன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் குடையை விரித்தேன். எண்ணெயாக வடிக்கும் முன்னால் அவ்வளவு பயப்படத் தேவையில்லை என்று டாக்டர் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். அது எங்களுக்குத் தெரியாது. முகத்துவாரத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும், ஸ்டேஷனிலிருந்து ராயபுரம் வரைக்கும், நாங்கள் வெயிலில் நனைந்து ஈரலுக்குக் குடை பிடித்தோம்.

வெயிலைத் துரத்தினோம்

அன்று சாயங்காலமே எண்ணெயை வடித்து, நீலத்தையும் அளந்தாகிவிட்டது. நான்கு வெள்ளைப் புட்டிகள், நான்கு பழுப்புப் புட்டிகள். பழுப்புப் புட்டிகள் கோதண்டத்தின் அலமாரிக்குள் போயின. வெள்ளைப் புட்டிகளை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு சூரியனுக்காகக் காத்திருந்தேன்.

ஈரல் கொண்டுவந்த அன்று அடித்த வெயில் அடுத்த ஆறு நாள் எட்டிப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் வேண்டாத வெயிலில் புட்டிகளைக் காயப்போட்டவள், இப்போது ஒரு கையளவு வெயிலுக்குத் தவம் கிடந்தேன். ஏழாம் நாள் மேகம் விலக ஆரம்பித்தது. ஆனால் வெயில் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடற்கரைப் பக்கம் கொஞ்சம் விழும். பிறகு ரயில்வே வேலி ஓரம் விழும். கோதண்டம் புட்டிகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டார். கன்னியம்மா கரையிலிருந்து குரல் கொடுப்பார்.

“இஸ்தரு, இந்தாண்ட வெய்யிலு வந்துகினு கீது, எடுத்துனு வா.”

நாங்கள் ஓடுவோம். தட்டை வைப்போம். நிழல் வரும். மறுபடி தூக்குவோம். துறைமுகத்து வேலை முடிந்து போகிறவர்கள் நின்று, தேன் என்ன விலை என்று கேட்டார்கள். கோதண்டம் அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்து, கடைசியில் ஒருவரிடம், “இது சொறா தேனு, உனுக்கு ஒத்துக்காது நைனா,” என்று சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு நான்கு நாள் நல்ல வெயில் அடித்தது. மொத்தம் எத்தனை மணி நேரம் வெயில் பட்டது என்று கடிகாரம் பார்த்து எழுதிவைத்தேன்.

அளக்கும் நாளன்று கன்னியம்மாவும் வந்திருந்தார். வெயில் புட்டிகள் நான்கிலும் நீலம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பழுப்புப் புட்டிகள் நான்கும், வடித்த அன்றைக்கு இருந்த அதே நீலத்தில் நின்றன. ஒவ்வொன்றையும் மரப்பெட்டித் துவாரத்தின் வழியே கன்னியம்மாவும் பார்த்தார். எட்டாவதைப் பார்த்து முடித்ததும் நிமிர்ந்து, “இப்ப எழுது,” என்றார்.

எழுதினேன். எங்கள் கரைச் சுறாவுக்குச் சத்துக் குறைவில்லை.

பழைய அளவுகளை என்ன செய்வது, கிழித்துப் போட்டுவிடட்டுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. ஒவ்வொரு புட்டியிலும் தேதி இருக்கிறதா? இருக்கிறது. எத்தனை நாள் ஜன்னலில் இருந்தது என்று தெரியுமா? தெரியும். அப்படியானால் எத்தனை நாளில் எவ்வளவு சத்து அழியும் என்பதற்கு என்னிடம் நான்கு மாதக் கணக்கு தயாராக இருக்கிறது என்றார். அப்படி ஒரு சோதனையை வேண்டுமென்றே செய்ய யாருக்கும் பொறுமை வந்திருக்காது. ஆடி, ஐப்பசிக் கொள்கையை மட்டும் கிழித்தேன். எண்கள் அப்படியே அட்டவணையாகின.

பின் வரிசை

டிசம்பர் முதல் வாரத்தில் கமிட்டி வந்தது. ஐந்து பேர், எல்லாரும் கோட்டு போட்டவர்கள். கூடத்தின் நடுவே நாற்காலிகள் போட்டிருந்தோம். மழை பிடித்துக்கொண்டதால் என்னை அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். வாசலில் நின்றவரை கோதண்டம் உள்ளே கூட்டிவந்து பின் வரிசையில் உட்காரவைத்துவிட்டார். நான் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். குடையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்பது போல உட்கார்ந்திருந்தார்.

வாசித்து முடித்தேன். தலைவர், நரைத்த மீசைக்காரர், அட்டவணையைப் பார்த்துக்கொண்டே, எண்ணெயை நான்கு மாதம் வெயிலில் வைத்த தவறு யாருடையது என்று கேட்டார்.

டாக்டர் சிவராமன் எழுந்தார். கூடத்தின் தவறு என்று சொல்லப்போகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

“என்னுடையதுதான், சார்,” என்றேன். “ஜன்னலில் வைத்தால் அழகாக இருந்தது.”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மீசைக்காரரே சிரித்துவிட்டார். அழகாக இருந்தது என்பதற்காகச் செய்த தவறை இத்தனை சுத்தமாக அட்டவணை போட்டு அவர் பார்த்ததில்லையாம். காசிமேட்டு ஈரலைத் தொடர்ந்து வாங்குவது, எண்ணெயை இனிமேல் பழுப்புப் புட்டியில் மட்டுமே வைப்பது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

எல்லாம் முடிந்தது என்று தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மீசைக்காரர் அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். நானும் மரியாதைக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறேன்,” என்றேன்.

அந்த வார்த்தை வெளியே வரும்வரை அப்படி ஒரு உத்தேசம் இருப்பது எனக்கே தெரியாது. பின் வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் கன்னியம்மா மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். ஈரல் தொடர்ந்து வாங்குவார்கள் என்று சொன்னதும் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். “உன் பொண்ணு ஈரலைக் கீழ போடாத பொண்ணு நைனா,” என்றார். அப்பாவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஆனாலும் கும்பிட்டார்.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் நுழைந்து, தலையைத் துவட்டி, அம்மா கொடுத்த சுக்குக் காப்பியை முழுக்கக் குடித்து முடித்தபிறகு அம்மாவிடம் சொன்னார்.

“நாசரேத்துக்காரங்களுக்கு ஒரு கடுதாசி போட்டுரு. புள்ளைக்குப் படிப்பு இருக்கு, ரெண்டு வருசம் ஆவும்னு.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் காப்பித் தம்ளரைப் பார்த்தேன்.

நாசரேத்துக்காரர்கள் காத்திருக்கவில்லை, தை மாதமே வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். அந்த வாத்தியாருக்கு நல்ல மனைவி அமைந்ததாகக் கேள்வி. எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த வாரம் முழுக்க அப்பா கருப்பட்டி எடுக்க வந்த ஒவ்வொரு வியாபாரியிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும்.

“எம் மவ ஒரு தப்பு பண்ணுனா பாத்துக்கிடுங்க. பெரிய பெரிய ஆபீசரெல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாவ.”

கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தப்பு பண்ணினால் எதற்குக் கைதட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டேவிட்டார். அப்பா இன்னொரு பெட்டியைப் பிரித்தார்.

கமிட்டிக்காரர்கள் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடிதான் தட்டினார்கள். ஆராய்ச்சியாளர் என்ற முறையில் நான் அதைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.